வளையமா, பிறையா

காலை ஏழு மணி பத்து நிமிடம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்குள் நான் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது, யாரும் நகரவில்லை என்பது. நெய்வதற்காகத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றிருந்தார்கள். இழைகளை நீவிக்கொண்டிருந்த கைகள் நீவிய இடத்திலேயே நின்றன. குடத்தோடு வந்த ஒரு பெண் ஒரு காலை முன்னால் வைத்தவள் மறு காலை எடுக்கவில்லை. பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடுத்தெருவில் ஒருவர் தவழ்ந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கி அரை டிராயர், பனியன். வாயில் ஒரு நூலைக் கடித்திருந்தார். நூலின் மறுமுனையில் ஒரு காந்தம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஊசலாடியது.

"யாரும் கால எடுக்காதீங்க," என்றார், பல்லைத் திறக்காமல்.

பிரேக் கம்பி கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான் இன்னும் ஓர் அடி வைத்தேன்.

"இந்த ஆளு நகர்றாருபா," என்று குடத்துக்காரி என்னைக் காட்டிக்கொடுத்தாள். நானும் நின்றேன்.

தேடப்பட்டது சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஓர் எஃகு வளையம். அச்சின் முனையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, சக்கரம் கழன்று விழாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. இடுக்கியால் விரித்துப் போடவேண்டும். கை நழுவினால் பறக்கும். அவர் கையிலிருந்து அது அடிக்கடி பறந்தது. "பறந்துச்சு" என்று கடையிலிருந்து குரல் வந்தால் அப்படியே நிற்பதற்குத் தெரு பழகியிருந்தது. யாருடைய காலிலாவது ஒட்டிக்கொண்டு போய்விட்டால் அவர் வீடு வீடாக வந்து குதிகாலைத் தூக்கிக் காட்டச் சொல்வார், அதற்கு நிற்பதே மேல் என்று பால்காரர் பிறகு எனக்குச் சொன்னார்.

அன்று வளையம் அவருடைய பனியனுக்குள்ளேயே கிடைத்தது. தெரு நகர்ந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி. அவரைப் பற்றி அன்று ஒரு வரிகூட அனுப்பவில்லை. எந்தப் பக்கத்தில் போடுவார்கள் என்று தெரியவில்லை.

கடை ஒரு வீட்டின் முன்னறை. சைக்கிள், தையல் மிஷின், மேசை விசிறி, தறிக்கு நூல் சுற்றும் ராட்டை, தராசு என்று எது வந்தாலும் பார்ப்பார். வேலை சுத்தம், அதில் யாருக்கும் குறை கிடையாது. குறை, எல்லா வேலையும் முடிந்தபிறகு கடைசியாக, கழலாமல் பிடிக்க மாட்டவேண்டிய லாக்கில் தொடங்கும். அவரிடம் மூன்று டப்பாக்கள் இருந்தன. பவுடர் டப்பாவில் வளையங்கள். மூக்குப்பொடி டப்பாவில் பிறைகள். அரைவட்டமாக, பக்கத்திலிருந்து அழுத்தினால் டக்கென்று உட்காரும் வகை. பிஸ்கட் டப்பாவில் பின்கள். துளைக்குள் நுழைத்து இரண்டு காலையும் இரண்டு பக்கம் மடக்கிவிடும் வகை. மூன்றையும் வரிசையாகத் திறந்துவைத்துக்கொண்டு, சோழி போட்டுப் பார்க்கிறவர் போல உட்கார்ந்திருப்பார்.

"வளையம் போட்டா கழட்ட நமக்கு மனசு வராது," என்பார். "பிறை போட்டா கழண்டுக்க அதுக்கே மனசு வரும். பின்னு போட்டா, திரும்பக் கழட்டறப்போ கால உடைக்கணும். பாவம்."

"யாருக்குப் பாவம்?" என்று கேட்டேன்.

"பின்னுக்குத்தான். வேற யாருக்கு?"

இதில் கிண்டல் எதுவும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன்.

மனிதர்களையும் அந்த டப்பாக்களில்தான் போட்டார். அவருடைய அம்மா பின். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கால் இரண்டையும் மடக்கிக்கொள்வார், யாராலும் கிளப்ப முடியாது. எதிர்வீட்டுக்காரர் பிறை, கட்சி நாலு மாறியவர். நான் எது என்று கேட்டதற்கு என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சைஸ் தெரியல," என்றார். நீங்கள் எது என்றேன்.

"நான் இன்னும் மாட்டவே இல்லயே. டப்பாலதான் இருக்கேன்."

தையல்கார பாயின் கதையைப் பாயே எனக்குச் சொன்னார். பாதியை நானும் பார்த்தேன். பாய் தம் மிஷினைக் கொண்டுவந்து போட்டது தீபாவளிக்கு முன்பு. மிஷின் சரியாகிவிட்டது. கைச்சக்கரம் கழலாமல் பிடிக்கும் லாக்கு மட்டும் பாக்கி. சும்மா ஒரு பிறையைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது.

"அப்ப எடுத்துக்கினு போறேன்," என்றார் பாய்.

"அது பாக்கறதுக்குப் போட்டது பாய். வுட்டுட்டுப் போ. யோசிச்சி சொல்றேன்."

"தீபாவளித் துணி மலையாட்டம் கெடக்குது. பேஜார் பண்ணாதப்பா."

"யோசிச்சி சொல்றேன்."

பாய் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் துணிமூட்டையோடு வந்து, கடைக்குள்ளேயே மிஷின் முன்னால் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார். அவர் தைப்பதை இவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதைச் சக்கரத்தின் அருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பொங்கல் துணி வந்தபோதும் பாய் அங்கேயே இருந்தார். புதிதாக வருகிறவர்கள் அது தையல் கடை என்றும், மூலையில் டப்பாக்களோடு இருப்பவர் பட்டன் தைப்பவர் என்றும் நினைத்தார்கள். ஒருவர் அவரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நின்றதை நான் பார்த்தேன். அவரும் அளவெடுத்தார்.

என் சைக்கிளும் அதே கடையில்தான் இருந்தது. பிரேக் கம்பியின் மூட்டுக்கு ஒரு லாக்கு.

பல ஆண்டுகள் கழித்து, வாலாஜாபாத்திலிருந்து வரும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். தென்னேரியில் ஒரு பம்புசெட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். பேச்சு அங்கேயே நின்றது, ஏனென்றால் முன் இருக்கையின் பின்புறத்தில் ஒரு தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முனையில் லாக்குக்குப் பதிலாக இரும்புக் கம்பியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இறங்கவேண்டிய நிறுத்தம் போயிற்று. நான் சொன்னேன். "தெரியும்," என்றார்.

அப்படிப்பட்டவருக்கு எப்படிக் கல்யாணம் ஆயிற்று என்பதுதான் ஊரில் பேச்சு.

அம்மா பெண் பார்ப்பதில் சளைக்கவில்லை. எந்தப் பெண்ணையும் அவர் வேண்டாம் என்றதில்லை. "யோசிச்சி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வருவார். யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகை வரும். போய்ச் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்து விசிறியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவார்.

"எத்தினி வூட்லடா நான் ஸ்வீட் துன்னுட்டு வர்றது," என்று அம்மா என் முன்னாலேயே கேட்டார். "எனக்கே வெக்கமா இருக்குது."

பிறகு ஒரு நாள், நாலு தெரு தள்ளியிருந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ராட்டையை வாங்கிப்போக வந்தாள். பாவு பிணைப்பது அவள் வேலை. தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்க்கவேண்டும். முடிச்சுப் போடக்கூடாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த வேலை செய்கிறவர்கள் ஒவ்வோர் இழைக்கும் யோசித்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் மூன்று டப்பாக்களையும் அவள் பக்கம் திருப்பினார்.

"வளையமா, பிறையா, இல்ல பின்னான்னுதான் பாத்துக்கினு இருக்கேன்."

அவள் மூக்குப்பொடி டப்பாவைக் காட்டி, "அது," என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"மூணுல ஒண்ணு போட்டாத்தானே ராட்ட சுத்தும். நான் போயி நூலு சுத்தணும்."

தையலை நிறுத்திவிட்டுப் பாய் இதைப் பார்த்தார். அவர் சொன்னபடி, கடைக்காரர் ஒரு பிறையை எடுத்து மாட்டினார், டக்கென்று சத்தம் கேட்டது, பெண் ராட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரர் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அம்மாவிடம் போய், "யோசிச்சிட்டேன்," என்றார்.

பெண் வீட்டில் அப்பாவுக்குச் சம்மதம். பெண்ணின் தாய்மாமனுக்குத்தான் சந்தேகம். உருண்டையான மனிதர்; நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி, மடியில் விபூதிப் பை. "அந்த ஆளு முகூர்த்தத்துல மணையில உக்காந்துக்கினு யோசிச்சி சொல்றேன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சம்பந்தம் பேசும்போதே நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை அழைப்புக் கார் விளக்கு வைக்கிற நேரம் முடிவதற்குள் பெண் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கவேண்டும். வராவிட்டால், அதே முகூர்த்தத்தில் கட்டுவதற்குத் தன் மகன் தயாராக இருக்கிறான். மகனைக் கேட்டார்களா என்பது தெரியவில்லை. அவனுக்குப் புது வேட்டி வாங்கியிருந்தது உண்மை.

காஞ்சிபுரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கென்று திறந்த கார் ஒன்று வாடகைக்கு ஓடியது. தலைமயிர் முழுக்க நரைத்த ஒரு டிரைவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மாப்பிள்ளை காரைப் பார்க்கப் போனார். அடியில் படுத்தார். கியர்க் கம்பியின் முனையில் துருப்பிடித்த ஒரு பின் இருந்தது. அதைக் கழற்றிவிட்டார்.

"பதினஞ்சு வருஷமா ஓடிக்கினு இருக்குது. அத்தப் போயி இன்னாத்துக்குப்பா நோண்டறே," என்றார் டிரைவர்.

"இதுல போயி நான் எப்படி உக்கார்றது?"

முதலில் ஒரு வளையத்தை மாட்டினார். சாயங்காலம், கோட்டும் மாலையும் போட்டுக்கொண்டபிறகு, மறுபடி படுத்து வளையத்தை எடுத்துவிட்டுப் பிறையை மாட்டினார். பிறையின் மேல் அவருக்கு அப்போது ஒரு தனி அன்பு வந்திருந்தது. டப்பாக்கள் மூன்றையும் பின்சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பிள்ளையார் கோயிலில் சூடம் காட்டி முடிந்தது. நாதஸ்வரம் முன்னால், கேஸ் விளக்குகளைத் தலையில் சுமந்தவர்கள் அதற்குப் பின்னால், அதற்குப் பின்னால் கார். கோயிலை ஒட்டிய சந்திலிருந்து காரை எடுக்க டிரைவர் ரிவர்ஸ் போட்டார். கார் தெருவுக்கு வந்தது. முன்கியருக்குத் தள்ளினார். கியர்க் கம்பு பிடிப்பில்லாமல் கையோடு வந்தது, கியர் மாறவில்லை. கார் மறுபடியும் பின்னால் போனது. நிறுத்தினார். தள்ளினார். மறுபடியும் பின்னால்.

"பிறை போயிடுச்சி," என்றார் மாப்பிள்ளை, சீட்டில் உட்கார்ந்தபடியே.

நாதஸ்வரக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லாதவர்கள். வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். விளக்குகளும் அவர்கள் பின்னால் போயின. பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் முன்னால் மேளம் வந்தது, விளக்குகள் வந்தன, அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. தாய்மாமன் தெருவில் இறங்கிப் பார்த்தார். நீண்ட தெரு. அந்தக் கோடியில் மாலை போட்ட மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து, முகத்தை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டே, மெல்ல மெல்லத் தூரமாகிக்கொண்டிருந்தார். கார் முனையில் திரும்பி மறைந்தது.

"ஓடறாருபா," என்றார் தாய்மாமன். "நான் சொல்லல?"

அவர் ஓடிவந்து சேர்ந்தபோது மாப்பிள்ளை காருக்கடியில் இருந்தார். பட்டுவேட்டி கட்டிய இரண்டு கால்கள் மட்டும் வெளியே. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். காரின் குலுக்கலில் டப்பாக்கள் மூன்றும் கவிழ்ந்து, வளையமும் பிறையும் பின்னும் ஒன்றாகக் கலந்து மல்லிகைப் பூவோடு காரின் தரையில் கிடந்தன. பாய் அவற்றை அள்ளி அள்ளிக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கையால முன்கியர்ல தள்ளி வுட்டுட்டு வெளிய வாப்பா," என்று டிரைவர் கெஞ்சினார். "அப்பிடியே ஊர்ந்துக்கினு போயிடலாம்."

"லாக்கு இல்லாம வண்டி நகரக்கூடாது."

தாய்மாமன் குனிந்தார். குனிவது அவருக்கு எளிதாக இல்லை.

"மாப்ளே. வர்றீங்களா இல்லியா? ஒரு வார்த்த சொல்லிடுங்க. என் பையன் வேட்டி கட்டிக்கினு நிக்கறான்."

கீழே ஒரு கையில் வளையமும் ஒரு கையில் பின்னும் இருந்ததை நான் பார்த்தேன். இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யோசிச்சிக்கினு இருக்கேன்," என்றது காருக்கடியிலிருந்து வந்த குரல்.

தாய்மாமன் நிமிர்ந்தார். எல்லோரையும் சாட்சிக்குப் பார்த்தார். என்னை இரண்டு முறை பார்த்தார். நான் பத்திரிகைக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

"முடிஞ்சிது," என்றார். "கேட்டுக்கினீங்க இல்ல? நான் போயி பையனுக்கு மால வாங்கறேன்."

அவர் திரும்பியபோது எதிரே பெண் வந்துகொண்டிருந்தாள். அலங்காரம் முடிந்த நிலையில், கூரைப்புடவைக்கு முன்னால் கட்டும் அரக்குப் பட்டில், தோழி ஒருத்தி பின்னால் ஓடிவர, நடுத்தெருவில் நடந்துவந்தாள். மாப்பிள்ளை அழைப்பின்போது பெண் வாசலைத் தாண்டி வந்ததை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வளையம் பறந்த காலைபோல எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றார்கள்.

"இன்னா ஆச்சி?" என்று டிரைவரைக் கேட்டாள்.

"கியர்க் கம்பிம்மா. லாக்கு போட்டா போயிடலாம். எது போடறதுன்னு தம்பி பாத்துக்கினு இருக்குது."

அவள் முந்தானையைப் பார்த்தாள். தறியிலிருந்து அறுத்த புதுப்புடவை. நுனியில் நெய்யாமல் விட்ட பாவிழைகள் தொங்கின. ஒரு கொத்தை இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு தாய்மாமனிடம் போனாள். சாம்பல் வேண்டியிருந்தது. அவர் மடிப்பையை அவிழ்ப்பதற்குள் நேரமாகும் என்று நினைத்தாளோ என்னவோ, எட்டி அவர் நெற்றியில் இரண்டு விரலை வைத்து, நடுப்பட்டையை வழித்து எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், தடுக்கவில்லை.

காரின் பக்கத்தில் உட்கார்ந்து கையை உள்ளே நீட்டினாள்.

"அந்த முனை எங்க? காட்டுங்க."

"இங்க. ஆனா நூலு…"

"புடிச்சிக்கினு இருங்க. பேசாதீங்க."

துளைக்குள் இழைகளை நுழைத்து, சுற்றி, விபூதியைத் தொட்டு முறுக்கினாள். பாவு பிணைக்கிறவர்களின் விரல் அசைவது கண்ணுக்குத் தெரியாது. விரல் தேய்கிற சத்தம் மட்டும் கேட்கும். முடித்துவிட்டுக் கையைப் புடவையில் துடைக்கப் போனவள், மாப்பிள்ளையின் வேட்டியில் துடைத்தாள்.

டிரைவர் கம்பை முன்னால் தள்ளினார். கார் முன்னால் போனது.

இப்போது இன்னொரு சிக்கல் வந்தது. பெண்ணைத் தெருவில் தனியாக நடத்தித் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. காத்திருக்க நேரமும் இல்லை. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். முடிவில், நூல் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி, அவளை முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பின்சீட்டில் மாப்பிள்ளை, மாலையில் பாதிப் பூ உதிர்ந்து, கன்னத்தில் கிரீஸோடு. மேளம் இல்லை. பாய் மட்டும் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினார். பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்தவர்கள் தட்டை யாருக்கு முதலில் சுற்றுவது என்று தெரியாமல் காருக்குச் சுற்றினார்கள். இரண்டு பட்டை விபூதியோடு தாய்மாமன் காருக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்.

மறுநாள் முகூர்த்தத்தில் ஊரே மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுவேட்டி கட்டிய தாய்மாமன் மகன் மூன்றாவது வரிசையில் இருந்தான். ஐயர் தாலியை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை வாங்கினார், கட்டினார். நாதஸ்வரக்காரர் அப்போதுதான் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் தாலிக்குப் பிறகு வந்தது.

அந்தக் கார் பிறகும் பல மாப்பிள்ளைகளைச் சுமந்தது. கியர்க் கம்பியில் யாரையும் கைவைக்க டிரைவர் விடவில்லை.

அடுத்த வாரம் என் சைக்கிளை வாங்கக் கடைக்குப் போனேன். பாய் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று டப்பாக்களுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு குங்குமப்பூ டப்பா திறந்திருந்தது. உள்ளே பட்டு இழைகள், நிறம் நிறமாக. அவர் என் பிரேக் கம்பியை மடியில் வைத்து, அரக்கு இழையை ஒரு முறையும் மயில்கழுத்து இழையை ஒரு முறையும் அதன்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நடந்து வீட்டுக்குப் போனேன்.